சென்னியப்பனின் புல்லட்டை உதைக்க வந்தவர்கள்

தை 21, ஞாயிறு

நீயே சொல்லு முருகா, பெண் பார்க்க வந்த இடத்தில், கொடுத்த காப்பியை இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் வாசலில் நிற்கிற வண்டியைக் காட்டி, "இதை எப்பங்க இரும்புக் கடைக்குப் போடறதா இருக்கறீங்க?" என்று ஒருவர் கேட்கலாமா? மாப்பிள்ளையின் தாய்மாமனாம். திருப்பூரில் பனியன் கம்பெனி. கழுத்தில் கிடந்த சங்கிலியின் கனத்தில் மனுசனுக்குத் தலை முன்னால் குனிந்தே இருந்தது.

இதையெல்லாம் நான் என் வீட்டுக்காரரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் கிணற்றுக்குப் போர் போடுகிற லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனவர், பொங்கலுக்குக்கூட வரவில்லை; நான் என் அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். போனில் "ம், ம்" என்பார். அப்புறம் சிக்னல் இல்லை என்பார். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. சென்னிமலை ஆண்டவனே, உனக்கே எழுதிவிடுகிறேன். உனக்குச் சிக்னல் தொந்தரவு இல்லை.

அது என்ன சாதாரண வண்டியா? என் அண்ணன் சென்னியப்பன் ஓட்டிய புல்லட், முந்நூற்றைம்பது சி.சி. ஆதியில் வெள்ளைக்காரன் கம்பெனி, பிறகு மெட்ராசில் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். கம்பெனிக்கு அடையாளமே பீரங்கி. அதனால் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் முன்னால் இதற்குத்தான் முதல் பொட்டு. அண்ணன் போய் மூன்று வருசம் ஆகிறது. இப்போது அவர் மகள் தாரணி ஓட்டுகிறாள். பால் சங்கத்தில் செக்ரட்டரி. அவள் வருவது வாய்க்கால் பாலத்திலேயே கேட்டுவிடும், நான் தோசைக் கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இரும்புக் கடை என்றதும் தாரணி பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது ஓடற வண்டிங்க மாமா."

"யாரு ஓட்டறது?"

"நானுங்க."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "அட கண்ணு, எங்கூட்டுல காரே நாலு நிக்குது. கண்ணாலத்துக்குப் பொறகு இதெல்லாம் எதுக்கு?"

"அப்படீங்களா? அப்ப உங்க பையன் அதை ஒரே உதைல கெளப்பட்டுமுங்க. கெளப்பிட்டாருன்னா நான் கட்டிக்கறன். வண்டியும் என்கூட வரும். கெளப்பலீன்னா காப்பியக் குடிச்சுட்டுப் போயிருங்க."

எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. சீதைக்கு ஒரு வில் வைத்தார்கள், எங்கள் தாரணிக்கு ஒரு வண்டி. நங்கை, அதாவது என் அண்ணன் சம்சாரம், "ஏய், ஏய்" என்று கையைப் பிசைகிறார். தரகர் மாரப்பண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தாரணி டேங்கை ஒட்டி நிற்க, மாப்பிள்ளைப் பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். உதைத்தான். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தான். செருப்பு கழன்று செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்தது. வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. குழாய்!

முருகா, உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். டேங்குக்கு அடியில் ஒரு பெட்ரோல் குழாய் இருக்கிறது. திறந்தே இருந்தால் ராத்திரியெல்லாம் சொட்டும், சொட்டினால் என் கோலம் நாறிப் போகும். அதனால் அண்ணன் இருக்கும்போதே அந்தக் குழாய் என் பொறுப்பு. சாயங்காலம் வண்டி வந்து நின்றதும், இஞ்சினை அணைக்காமலே குழாயை அடைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் எரிந்து, வண்டி தானாக இருமி நின்றுவிடும். காலையில் சாணி தெளித்து, கோலம் போட்டு, விளக்குக்குத் திரி போட்டு, வண்டிக்குத் திருநீறு வைத்துவிட்டு, குழாயைத் திறப்பேன். அதற்குப் பிறகுதான் தாரணி வந்து உதைப்பாள். இன்று ஞாயிறு. காலையிலிருந்து பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். குழாயை மறந்தே போனேன்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அந்தத் தாய்மாமன், "நாந்தான் சொன்னனே, இரும்பு" என்றார். என் வாயில் பஜ்ஜி இருந்தது. மென்று விழுங்குவதற்குள் அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

தை 22, திங்கள்

காலையில் வண்டி ஒரே உதையில் கிளம்பிப் போய்விட்டது. நங்கை வாசலில் நின்று வண்டியையே பார்த்தார். நான் வெண்டைக்காய் வாங்கப் போய்விட்டேன்.

தை 28, ஞாயிறு

மாரப்பண்ணன் வந்தார். செய்தி ஈரோடு வரைக்கும் போய்விட்டதாம். "துளசிக்கா, போற எடத்துலெல்லாம் 'அந்த ஒதைக்கற ஊடுங்களா?'ன்னு கேக்கறாங்க. எனக்கு மானம் போகுது." சொல்லிக்கொண்டே மூன்று அதிரசம் சாப்பிட்டார்.

இவரை அண்ணன் 'சில்வர் பிளஸ்' என்பார். குட்டி வண்டி, எந்தச் சந்திலும் நுழைந்து வந்துவிடும். அண்ணனுக்கு அது ஒரு பழக்கம். அந்தக் கம்பெனி மாடல் ஒவ்வொன்றும் அத்துப்படி, ஆட்களையும் அந்தப் பெயரில்தான் சொல்வார். நான் 'மினி புல்லட்'. சின்ன உருவம், சத்தம் மட்டும் பெரிய வண்டியுடையது. நங்கை 'டீசல்'. கிளம்ப நேரமாகும், கிளம்பிவிட்டால் நிற்காது. என் வீட்டுக்காரருக்கு 'எக்ஸ்ப்ளோரர்' என்று பெயர் வைத்தார். ஊர் ஊராகச் சுற்றுகிற மனுசன், பொருத்தமாகத்தான் இருந்தது. தாரணி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கி, அது போட்ட கத்தலைக் கேட்டுவிட்டு, "இது ஒரிஜினல் முந்நூத்தம்பது" என்றார்.

நங்கைக்கு ஜோசியர் சொல்லியிருக்கிறார், சித்திரைக்குள் அமையவில்லை என்றால் அப்புறம் மூன்று வருசம் தள்ளிப்போகுமாம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பொழுது இருக்கிறார். முகம் சுண்டிவிட்டது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

மாசி 6, ஞாயிறு

இன்றைக்கு வந்தவன் பெங்களூர். கம்ப்யூட்டர் வேலை. காரில் வரவில்லை, வண்டியில் வந்தான். அதே கம்பெனியின் புது மாடல், ரெண்டு சிலிண்டர் வைத்தது. பூட்ஸ், கையுறை, முழங்காலுக்கு ஓடு மாதிரி ஒன்று. ஆமை எழுந்து நடந்து வந்தது போல இருந்தான். ஆனாலும் நல்ல பையன். பூட்சைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். எனக்குப் பிடித்துப் போயிற்று. உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், குழாயைத் திறக்கத்தான் நடந்தேன். காலையில் மாடு கன்று போட்டதில் திறக்க நேரமில்லை.

பாதி வாசல் போயிருப்பேன். அவன் நங்கையிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அத்தை, இது ரேர் பீஸுங்க. கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். இப்பெல்லாம் கெடைக்காது. இதை ஓட்டவே கூடாதுங்க. இஞ்சின் ஆயிலெல்லாம் எறக்கிட்டு, பாலிஷ் போட்டு, எங்க அபார்ட்மெண்ட் ஹால்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சு, மேல ஒரு லைட்டு போட்டா…"

தாரணி கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளையும் சேர்த்து வைத்து மேலே விளக்குப் போட்டது போல இருந்தது.

அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி தோன்றியது. திரும்பி உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவில்லை. அது வேறு விசயம்.

அவன் முதலில் பட்டனைத் தேடினான். பட்டன் இல்லை என்றதும் முறையாகத்தான் செய்தான். கைப்பிடியில் இருக்கிற சின்ன விசையை அழுத்தி, மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, அப்புறம் ஓங்கி ஒரு உதை. அண்ணன் செய்வது போலவே. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லாதவன் எப்படிப் பாடுவான்? தாரணி டேங்கில் சாய்ந்து, வாயிற்காப்போன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வண்டி டெட்டுங்க" என்றான்.

"அப்படியாட்டம் இருக்குதுங்க" என்றாள் தாரணி.

அவன் போய் அரைமணி நேரத்தில் நான் வண்டியைத் துடைத்தேன். ஐந்து மணிக்கு அவள் பால் சங்கத்துக்குக் கிளம்பினாள், ஒரே உதை. நங்கை ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"என்ன துளசி இது? நமக்கு மட்டும் கெளம்புது!"

"அம்மன் செயல் நங்கை."

"உன் கை ஏன் பெட்ரோல் நாத்தம் அடிக்குது?"

"தொடைச்சனில்ல."

நான் பொய் சொல்லவில்லை. துடைத்தேன். இதை ஒரு குற்றமாக நீ எழுதிக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். கிழவன் வேசம் போட்டு, உன் அண்ணனை யானையாக வரவழைத்து, அந்தக் குறத்தி வீட்டுப் பெண்ணைப் பயமுறுத்திக் கட்டிக்கொண்டவன் நீ. நான் வேசம்கூடப் போடவில்லை. ஒரு காரியம் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மாசி 7, திங்கள்

கன்றுக்குட்டிக்குக் கழிச்சல். பூண்டு தட்டிக் கொடுத்தேன்.

மாசி 10, வியாழன்

தாரணி வர நேரமாகிவிட்டது. பால் வண்டி பழுதாம். எதிர்வீட்டு மாடு வந்துவிட்டதா என்று பார்க்க வாசலில் நின்றேன். மாடு வந்தது. அப்புறம் அவர்கள் கோழி அடைந்துவிட்டதா என்று பார்த்தேன். அதுவும் அடைந்துவிட்டது. வாய்க்கால் பாலத்துப் பக்கம் டுப் டுப் என்று கேட்டதும் உள்ளே வந்துவிட்டேன். கொசு அதிகம்.

"ஏன் அத்தை, தோசை இத்தனை கருகியிருக்குது?" என்று கேட்டாள்.

"கல்லு பழசு" என்றேன்.

மாசி 20, ஞாயிறு

மூன்றாவது ஆள். கரூர். இந்தப் பையனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடக்கமான பேச்சு. வண்டியை விற்கச் சொல்லவில்லை, பெட்டிக்குள் வைக்கச் சொல்லவில்லை. ஜாதகம் ஒன்பது பொருத்தம். ஒரே ஒரு விசயம், கல்யாணம் ஆன கையோடு ரெண்டு பேரும் ஜெர்மனி போய்விடுவார்களாம். நல்லதுதானே? அங்கே ரோடு நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

காலையில் குழாயைத் திறக்கப் போனேன், பல்லி சொன்னது. எந்தத் திசையில் சொன்னது, அதற்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தேடுவதற்குள் அவர்கள் கார் வந்துவிட்டது. பல்லி சொன்ன பிறகு மனுசி என்ன செய்ய முடியும்?

இவர்கள் விவரமான ஆட்கள். முன்கூட்டியே செய்தி கேட்டுக்கொண்டு, காரில் ஒரு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் நேராக வண்டியைப் பார்த்து நடந்தார். தாரணி நடுவில் போய் நின்றாள்.

"அண்ணா, நீங்க எனக்குத் தாலி கட்டப் போறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க அம்மணி. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"அப்ப வண்டியத் தொடாம அக்கட்ட நில்லுங்ணா."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கரூர்ப் பையன்கூடச் சிரித்தான். மெக்கானிக் தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்தார். தாரணியின் சேலைத் தலைப்புதான் அவருக்குத் தெரிந்திருக்கும். பையன் உதைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. "பரவாயில்லீங்க, வண்டிக்கு என்னையப் புடிக்கலயாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அந்தக் கும்பிடு எனக்குக் குழம்பில் கல் கடித்தது போல இருந்தது.

மாசி 21, திங்கள்

நங்கை எழுந்திருக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனேன், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "உங்கண்ணன் என்னைய விட்டுட்டுப் போனாரு. அவரு வண்டி என்ற புள்ளையவும் முழுங்கிருமாட்டம் இருக்குது துளசி. அது வாசல்ல நிக்கற வரைக்கும் இவளுக்கு ஒரு நல்லது நடக்காது."

மத்தியானம் எழுந்தார். மாரப்பண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். டீசல் கிளம்பிவிட்டது, இனி நிற்காது. கோயம்புத்தூரில் பழைய வண்டி வாங்குகிற ஒரு ஆள் இருக்கிறாராம். உத்திரம் கழித்து மூன்றாம் நாள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லியாகிவிட்டது. அதற்குள் இன்னும் ஒரே ஒரு இடம் வருகிறது. அவனும் உதைத்துக் கிளம்பவில்லை என்றால் வண்டி கோயம்புத்தூர், பெண்ணுக்கு அம்மா சொல்கிற மாப்பிள்ளை.

சாயங்காலம் தாரணி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் குழாயை அடைத்தேன். இஞ்சின் இருமி நிற்கும்வரை ரெண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

"ஏன் அத்தை, நான் போயிட்டா நீ யாருக்குத் தோசை சுடுவ?"

"உங்கம்மாளுக்கு."

"அம்மா கருகினதத் தின்னாது."

மாசி 27, ஞாயிறு

மலை ஏறி வந்தேன். படியில் நீ என்னைப் பார்த்தாயா? ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். முட்டி வலி மட்டும் காரணமில்லை. உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். சன்னதியில் போய் நின்றதும் யோசித்தது எல்லாம் மறந்துவிட்டது. சொன்னது இவ்வளவுதான்: இத்தனை நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இனிமேல் செய்கிறேன். வருகிறவன் யாராக இருந்தாலும் சரி, பெங்களூரோ, ஜெர்மனியோ, சந்திர மண்டலமோ, குழாயைத் திறந்து வைக்கிறேன். அப்புறம் உன் பாடு, அவன் கால் பாடு.

மயிலுக்குப் பொரி போட்டேன். அது தின்னாமல் என்னையே பார்த்தது.

பங்குனி 4, ஞாயிறு

மிளகாய் வற்றல் காயப் போட்டேன். மழை தூறியது. அள்ளி வைத்தேன். வெயில் வந்தது. மறுபடி போட்டேன். நாள் முழுக்க இதே வேலை.

பங்குனி 11, ஞாயிறு

நாளைக்கு உத்திரம். உன் கல்யாண நாள். நாளைக்கே வருகிறார்கள். பெயர் பூபதி. கோபியில் காலேஜில் செடி கொடி பற்றிப் பாடம் சொல்லுகிற வாத்தியார். அப்பா இல்லை, அம்மா மட்டும். குழாயைத் திறக்க வேண்டும், குழாயைத் திறக்க வேண்டும் என்று சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

பங்குனி 12, திங்கள், உத்திரம்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் முடிச்சு. காலையில் உத்திரத்துக்குப் புதுச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டேன். முடிச்சு பழைய சேலையோடு வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

கார் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு நங்கையும் நானும் வாசலில் நிற்கிறோம். காரும் இல்லை, வண்டியும் இல்லை. பத்தேகாலுக்கு டவுன் பஸ் நின்றது. அதிலிருந்து ஒரு பையனும் ஒரு அம்மாவும் இறங்கினார்கள். பையன் கையில் ஒரு முருங்கைப் போத்து. வழியில் யாரோ வெட்டிப் போட்டிருந்ததாம், நல்ல ஜாதி, நட்டால் பிடிக்கும் என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பெண் பார்க்க வருகிறவன் பூ கொண்டு வருவான், பழம் கொண்டு வருவான். இவன் போத்து கொண்டு வந்தான்.

"பஸ்ஸிலயா வந்தீங்க?" என்று நங்கை கேட்டதில் பாதி உயிர் போய்விட்டது.

"ஆமாங்க அத்தை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க."

அவன் அம்மா சொன்னார். "ஆறாவது படிக்கறப்ப சைக்கிள்ல இருந்து கெணத்து மேட்டுல உருண்டானுங்க. அன்னையிலிருந்து ரெண்டு சக்கரம்னாலே அக்கட்டத்தான். நாங்களும் எத்தனையோ சொல்லிப் பாத்தாச்சு."

நங்கை என்னைப் பார்த்தார். நான் மாரப்பண்ணனைப் பார்த்தேன். அவர் துண்டைத் தேடினார். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். வண்டி ஓட்டத் தெரியாதவன் எங்கே உதைப்பான்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக்குள் ஓடிப் போய் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில்தான் குழாய் அடியோடு மறந்தது முருகா. இந்தத் தடவை நிஜமாகவே மறந்துவிட்டேன். பல்லி இல்லை, பால் இல்லை, ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் பூபதி வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறான். தாரணி எதிரில் நிற்கிறாள்.

"இது என்னங்க, எல்லா வண்டியிலயும் கியரு அந்தப் பக்கம்தான இருக்கும்?"

"பழைய மாடலுங்க. இதுல வலது பக்கம். அப்பா எனக்கு இதுலதான் சொல்லிக் குடுத்தாரு. வேற வண்டி ஓட்டுனா இப்பவும் பிரேக்குக்குப் பதிலா கியரை மிதிச்சுருவேன்."

"அப்ப உங்களுக்கு இந்த வண்டிதானுங்க சரி." சொல்லிவிட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "நீங்க வெச்ச பரீட்சை எனக்குத் தெரியுமுங்க. தரகரு சொன்னாரு. நான் உதைச்சா என்ற காலுதான் ஒடியும். வேணும்னா நீங்க கெளப்புங்க, நான் பின்னால உக்காந்துக்கறன். இன்னைக்கு உத்திரம், அடிவாரம் வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்டுட்டு வரலாம். அம்மா, போலாமுங்களா?"

மாரப்பண்ணனுக்குத் துண்டு அப்போதுதான் கிடைத்தது.

"பயமில்லீங்களா?" என்று தாரணி கேட்டாள். அவள் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"இருக்குதுங்க. கெட்டியாப் புடிச்சுக்கறன்." பிறகு அவசரமாக, "சீட்டை" என்றான்.

முதலில் சிரித்தது யார் தெரியுமா? நங்கை! அண்ணன் போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு நிற்கவே இல்லை. மாரப்பண்ணன் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

தாரணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். விசையை அழுத்தினாள், முள் நடுவுக்கு வந்தது, ஒரே உதை. டுப் டுப் டுப் என்று அண்ணனே வந்து வாசலில் பேசியது போல இருந்தது. பூபதி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். மடியில் முருங்கைப் போத்து. அதைக் கீழே வைக்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை.

தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "வண்டி நிறுத்த எங்கூட்டுல கொட்டாய் இருக்குதுங்க. மாடு வித்துட்டோம், சும்மாதான் கெடக்குது. உங்க புள்ள இங்க பால் சங்கத்துக்குத் தெனமும் வந்து போறதுன்னாலும் சரிதானுங்க" என்றார். தினமும். அந்த வார்த்தையை நான் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து விபூதியும் குங்குமமுமாகத் திரும்பி வந்தார்கள். பூபதியின் தலைமுடி கோழி கிளறிய குப்பை மாதிரி நின்றது, முகம் முழுக்கச் சிரிப்பு. போத்தைக் கிணற்றடியில் நட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான். கோயம்புத்தூர் ஆளுக்கு வர வேண்டாம் என்று நங்கையே போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உறுதி வார்த்தை, தட்டு மாற்றிக்கொள்கிறோம்.

தாரணி தோசை தின்னும்போது கேட்டாள், "அப்பா இருந்திருந்தா இவருக்கு என்ன மாடல் பேரு வெச்சிருப்பாரு அத்தை?"

"பின் சீட்டு" என்றேன்.

"அது மாடலா?"

"எல்லா மாடலுக்கும் அது வேணுமில்ல."

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

குழாயை அடைக்கப் போனபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் நான் திறக்கவே இல்லையே! ராத்திரி முழுக்க வறண்டு கிடந்த வண்டி எப்படி ஒரே உதையில் கிளம்பியது? அடிவாரம் வரைக்கும் எப்படிப் போய் வந்தது? உன் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தேன். நங்கையிடம்கூட ஓடிப் போய், "நங்கை, இன்னைக்கு ஊட்டுல அதிசயம் நடந்துருக்குது" என்று சொல்லிவிட்டேன். என்ன அதிசயம் என்று கேட்டார். எப்படிச் சொல்வது? முருகன் வந்தான் என்று மட்டும் சொன்னேன். அவரும் கும்பிட்டுக்கொண்டார். உனக்குச் சூடத் தட்டு வாங்கி வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டு டைரியை மூடப் போனேன். இப்போதுதான் நினைவு வருகிறது. காலையில் உதைப்பதற்கு முன்னால் தாரணி, கொலுசைச் சரி செய்கிற மாதிரி டேங்குக்கு அடியில் குனிந்தாள். நிமிரும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். இன்றைக்கு அவள் கொலுசே போடவில்லை. அதுகூடப் போகட்டும். முன்னால் மூன்று தடவை மூன்று பேர் உதைத்தபோதும், வாசல் இத்தனை பெரிசாக இருக்க, குழாய் இருக்கிற பக்கமாகவே வந்து, சேலைத் தலைப்பால் அதை மறைத்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.